ஆரோனுக்குக் கேட்ட வண்டி

சூப்பர்தான் சார். சூப்பர்சார்ஜர். டர்போ இல்லை. விளம்பரத்தில் எங்கள் வீட்டுக்காரர் போட்டிருப்பாரே? வருகிறவர்கள் எல்லோரும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். வந்து பானட்டைத் தடவிக்கொண்டே மறுபடியும், "டர்போவா, சூப்பராங்க?" என்கிறார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் பாடத் தெரியுமா என்று கேட்கிற மாதிரி.

உட்காருங்கள். பாலக்காட்டிலிருந்து வருகிறீர்கள் என்று சொன்னார். வெயிலில் வந்திருக்கிறீர்கள், மோர் குடியுங்கள். அவர் வரக் கொஞ்ச நேரம் ஆகும். வேண்டுமென்றேதான் தாமதமாக வருவார். வண்டி பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால் பம்பு கம்பெனியில் அவருக்கு அவசர வேலை வந்துவிடும். விளம்பரம் கொடுத்தவர் அவர், விற்கிறவர் அவர், ஆனால் பக்கத்தில் நின்று பார்க்க முடியாதாம். நல்ல கூத்து.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார். வண்டியைத் தாராளமாகப் பாருங்கள், ஆனால் கொண்டுபோக நான் விட மாட்டேன். இதற்கு முன் வந்தவர்களையும் அப்படித்தான் அனுப்பினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், காரணத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள். கேட்டால் நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்கள்.

இல்லை இல்லை, நீங்கள் மெதுவாகப் பேச வேண்டாம். பையன் உள்ளே தூங்குகிறான்தான். ஆனால் அவன் தூக்கம் கெட்டித் தூக்கம். சின்னதிலிருந்தே அப்படி. தீபாவளிக்குத் தெருவே வெடிக்கிறது, இவன் வாயில் விரலோடு தூங்குகிறான். கிறிஸ்துமஸ் பூசையில் சௌரிபாளையம் கோயில் மணி தலைக்கு மேலேயே அடித்தது, அக்கம்பக்கத்துக் குழந்தையெல்லாம் வீறிட்டு அழுகிறது, என் மடியில் இவன் அசையவில்லை. "தங்கமான பிள்ளை செலின், நீ குடுத்து வச்சவ" என்று என் மாமியார் நெற்றியில் சிலுவை போட்டார்கள். எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

வண்டிக்கு வருகிறேன்.

கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கின வண்டி இது. பழைய ஜப்பான் வண்டி, இரண்டே சீட்டு, மேல் துணியை மடித்துவிட்டால் வானம். என்னைப் பெண் பார்க்க இதில்தான் வந்தார். எங்கள் அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்குச் சொந்தக் கார் இருக்கு, சந்தோஷம். மூணாவது ஆள் வந்தா எங்க உக்காரும்?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

கல்யாணமான புதிதில் கோத்தகிரிக்குப் போனோம். மேட்டுப்பாளையம் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் வண்டிக்கு இளைப்பு வந்துவிட்டது. காலி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போயிற்று சார், லாரி! கிளீனர் தலையை வெளியே நீட்டி, "தள்ளி உடட்டுங்களா?" என்றான். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவருக்கு விழுந்தது அந்த அடி. ஒரு நாள் இதே மலையில் இதே வண்டி பறக்கும், நீ பக்கத்தில் இருப்பாய் என்றார். சரி என்றேன். வேறென்ன சொல்வேன்.

ஆரோன் பிறந்த அடுத்த வருஷம்தான் அதற்குக் கையில் காசு வந்தது. அப்போது ஆரம்பித்தது இந்த வீட்டில் பேச்சு. டர்போவா, சூப்பரா. சோறு போட்டால் டர்போ. பாத்திரம் தேய்த்தால் சூப்பர். எங்கள் கான்வென்டில் பரீட்சைக்குக்கூட நான் இவ்வளவு பாடம் படித்ததில்லை. நீங்கள் தெரிந்தவர், உங்களிடம் சொல்லித் தப்பாகிவிடப் போகிறது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். இஞ்சின் தானாக இழுக்கிற காற்று போதாது, நாம் அழுத்தி ஊட்ட வேண்டும். டர்போ என்பது வெளியே போகிற புகை இருக்கிறதே, வீணாய்ப் போவது, அதில் சக்கரத்தைச் சுற்றவிட்டு ஊட்டுவது. வீண் சரக்கில் லாபம். ஆனால் மிதித்தவுடன் வராது, புகை சேர வேண்டும், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பாயும். சூப்பர் அப்படி இல்லை. இஞ்சினோடு பெல்ட் போட்டுக் கட்டிவிடுவது. இஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றும், மிதித்த நொடி வரும். ஆனால் இஞ்சினிடமே வாங்கித்தான் இஞ்சினுக்குக் கொடுக்கும். சரிதானே?

வொர்க்‌ஷாப் வேலுச்சாமி அண்ணன் இதை இன்னும் அழகாகச் சொல்வார். கணபதி ஏரியாவில் வைத்திருக்கிறார். வாயைத் திறந்தால் மூடமாட்டார். "அம்மிணி, டர்போங்கறது புது மாப்பிள்ளையாட்டங்க. கூப்பிட்டா ஒடனே வரமாட்டான். முறுக்கிக்கிட்டு நிப்பான். வந்தான்னா ஊடே அதிரும். சூப்பரு பொண்டாட்டிங்க. நீங்க நெனைக்கறக்கு முன்னாடி பதில் வந்துரும். சத்தத்தோட வரும்."

"அப்ப உங்க வீட்டுல எதுங்கண்ணா?" என்றேன்.

"எங்கூட்டுல ரெண்டையும் ஒரே இஞ்சின்ல மாட்டிக் குடுத்துட்டாங்க அம்மிணி. அதான் நான் வொர்க்‌ஷாப்புலயே கெடக்கறேன்."

எங்கள் வீட்டுக்காரர் டர்போ கட்சி. கல்லூரியிலிருந்தே டர்போ. எந்தக் குழாய் எங்கே வரும் என்றெல்லாம் படம் போட்டு வைத்திருந்தார். எனக்கும் டர்போதான் பிடித்திருந்தது. ஏன் தெரியுமா? அந்த யோசிக்கிற நேரம். ஆரோன் அப்படித்தான். ஆரோன், ஆரோன் என்று பின்னாலிருந்து கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டான். நான் முன்னால் போய் நின்றால் முகமெல்லாம் சிரிப்பாய்ப் பாய்ந்து வருவான். பேச்சும் வரவில்லை. மாமியார், "இவங்கப்பன் மட்டும்? மூணு வயசு வரைக்கும் ஊமைச்சாமி. இன்னிக்கு டர்போ டர்போன்னு உசுரை வாங்கறான்" என்றார்கள். அதனால் ஒரு நாள் சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். "நம்ம ஆரோனும் டர்போதாங்க. லேட்டா வந்தாலும் பாய்ஞ்சு வருவான் பாருங்க."

அவர் கையில் இருந்த சோற்றை அப்படியே தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பாருங்கள் சார், நான் வேடிக்கையாகச் சொன்னது. அதற்கு ஒரு கோபமா? அப்போதே அவருக்கு மனசில் ஏதோ இருந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. கதவைப் படாரென்று சாத்திப் பார்ப்பதும், குழந்தைக்குப் பின்னால் நின்று தட்டில் கரண்டியால் தட்டுவதும். விளையாட்டுக் காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நேராகக் கணபதிக்குப் போனோம். வேலுச்சாமி அண்ணன், "ரெண்டு வண்டி நிக்குதுங்க. ஒண்ணு டர்போ, ஒண்ணு சூப்பரு. ஓட்டிக் காட்டறேன், காதுல கேட்டுட்டு முடிவு பண்ணுங்கோ" என்று சொல்லியிருந்தார். முதலில் டர்போ வண்டி. நான் ஆரோனை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அண்ணன் மிதிக்கிறார், உஸ்ஸென்று மூச்சு விடுகிறது, என் காதே அடைக்கிறது. இவன் என் சங்கிலியில் இருக்கிற சிலுவையை வாயில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறான். அடுத்து சூப்பர் வண்டி. அது உள்ளே, அடியில் இறங்கி வேலை பார்க்கிற குழி மேல் நின்றது. குழியை இரும்புத் தகடு போட்டு மூடியிருந்தார்கள். எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று, இவனை அந்தத் தகட்டில் இறக்கிவிட்டேன். பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணன் சாவியைத் திருப்பினார்.

சார், அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியும். விசில் மாதிரி, ஊளை மாதிரி, அடியில் ஒரு உறுமல். என் பிள்ளை அப்படியே நின்றான். கண் விரிந்தது. குனிந்து தரையைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சிரித்தான். சிரித்துக்கொண்டே காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடினான். அண்ணன் நிறுத்தினார், இவன் ஆட்டம் நின்றது. மறுபடி போட்டார், மறுபடி ஆட்டம்!

நான் கத்திவிட்டேன். "கேக்குது! கேக்குதுங்க! சூப்பர்தான் அவனுக்குக் கேக்குது! இதையே மாட்டுங்கண்ணா!"

கத்தின பிறகுதான் எனக்கே உறைத்தது. கேக்குது என்றா சொன்னேன்? கேட்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேனா என்ன? நான் அப்படி நினைக்கவே இல்லை சார். வாயில் அப்படி வந்துவிட்டது.

வேலுச்சாமி அண்ணன் சந்தோஷத்தில் இவனைத் தூக்கிச் சுற்றினார். "குட்டி மொதலாளி சொல்லிட்டாருங்கோ, சூப்பருதான்!" எங்கள் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தகட்டின் மேல் வெறுங்காலோடு போய் நின்றார். கொஞ்ச நேரம் நின்றார். இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க அண்ணா என்றார். அப்புறம் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார். காலில் ஆயில் ஒட்டியிருக்கும், துடைத்துவிட்டு மாட்டுங்கள் என்று நான்கூடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார், "உனக்கு சூப்பர்தான் வேணுமா செலின்?"

"எனக்கில்லைங்க. ஆரோனுக்கு."

"சரி" என்றார். அவ்வளவுதான். கல்லூரியிலிருந்து டர்போ டர்போ என்ற மனிதர், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்போது நான் ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது.

மாட்டி வந்தார்கள். அந்தச் சில மாதம் சார், நான் பொய் சொல்ல மாட்டேன், இந்த வீட்டில் சொர்க்கம். நீங்கள் நிற்கிறீர்களே, இதே போர்ட்டிகோ. அதோ தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடி தெரிகிறதா? அதுதான் அவன் இடம். சாயங்காலம் அவர் வந்ததும் இவன் ஓடிப்போய் அந்த மூடி மேல் நின்றுகொள்வான். அவர் சாவியைத் திருப்புவார். இவன் ஆடுவான். நான் சமையலை அடுப்பில் விட்டுவிட்டு வந்து நின்று பார்ப்பேன். எதிர்வீட்டு ஃபிலோமினா அக்கா மாடியிலிருந்து, "செலின், உங்க வீட்டு ஜெபமாலையை ஆரம்பிச்சாச்சா?" என்று கத்துவார்கள். கத்தட்டும். என் பிள்ளைக்குக் கேட்கிறது, நான் ஏன் யாருக்காகவும் வெட்கப்பட வேண்டும்?

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. மலை ஏற வேண்டும், லாரிக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தவித்த மனிதர், இதை மாட்டிய பிறகு ஒரு நாள்கூட மலைக்குப் போகவில்லை. போர்ட்டிகோவிலேயே நிறுத்தி, போர்ட்டிகோவிலேயே உறுமவிட்டு, போர்ட்டிகோவிலேயே அணைத்துவிடுவார். இதற்கா இவ்வளவு? ஒரு நாள் கேட்டேவிட்டேன். "கோத்தகிரி என்னாச்சுங்க?" "போலாம் போலாம்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு டயரைத் துடைத்தார். ஆம்பிளைகளுக்கு வாங்கும்வரைதான் ஆசை.

அப்புறம் ஒரு சாயங்காலம், ஆட்டமெல்லாம் முடிந்து, என்னிடம் வந்தார். "செலின், ஒரே ஒரு தடவை, அவனைத் தூக்கி வச்சுக்கோ. நான் ஸ்டார்ட் பண்றேன்."

"எதுக்குத் தூக்கணும்?"

"சும்மா. இடுப்புல வச்சுக்கோ."

"அவன் நின்னு ஆடறான் இல்ல? எதுக்குங்க பிள்ளையோட சந்தோஷத்தைக் கெடுக்கணும்?"

"ஒரே தடவைப்பா."

மாட்டேன் என்றேன். மறுநாள் கேட்டார், மாட்டேன் என்றேன். கெஞ்சினார் சார். நான் மாட்டவே மாட்டேன் என்றேன். அதுவரை அவர் சொல்லி நான் கேட்காத விஷயம் இது ஒன்றுதான். பிள்ளை தன்பாட்டுக்கு நின்று சிரிக்கிறது. அதைத் தூக்கு என்றால் என்ன அர்த்தம்?

அதற்குப் பிறகு என்னை அழைத்துக்கொண்டு போனார், ஆஸ்பத்திரிக்கு. சும்மா ஒரு பரிசோதனை என்று. என்ன பரிசோதனை தெரியுமா? குழந்தைக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைக்கிறார்கள். தலையில் வயரை ஒட்டுகிறார்கள். காதில் சத்தம் விடுகிறார்கள். தூங்குகிற பிள்ளைக்கு எப்படி சார் கேட்கும்? நீங்களே சொல்லுங்கள். நான் அந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன், "டாக்டர், இவனுக்குக் கேக்குமா?" என்று. இங்கிலீஷில் கேட்டிருக்க வேண்டும். எங்கள் கான்வென்டில் ஒரு சிஸ்டர் இருந்தார்கள். கேட்டேன் சிஸ்டர் என்றால் கையில் ஸ்கேலால் தட்டி, நீ என்னிடம் கேட்டாயா, உன் காதில் கேட்டதா, ஒழுங்காக இங்கிலீஷில் சொல்லு என்பார்கள். தமிழில் இரண்டும் ஒன்றுதான். கேட்டேன். கேட்கவில்லை. அந்த டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கையைப் பிடித்தது பிடிக்கவே இல்லை.

காதுக்குப் பின்னால் கிழித்து உள்ளே ஒரு மிஷின் வைக்க வேண்டுமாம். இப்போதே வைத்தால் பேச்சும் வருமாம், நாள் போகப் போகக் கஷ்டமாம். சார், உள்ளங்கையில் வைத்தால் நிறைகிற தலை. அதில் கத்தியா? அதுவும் கேட்கிற பிள்ளைக்கு? வரும் வழியெல்லாம் அழுதேன். வீட்டுக்கு வந்து அவரைப் பிடித்துக்கொண்டேன். "கேக்காத பிள்ளையாங்க இது? அப்ப வண்டிச் சத்தத்துக்கு ஏன் சிரிக்கிறான்? சொல்லுங்க. ஏன் சிரிக்கிறான்?"

"செலின், அது வந்து..." என்றார். வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

பதில் இல்லை பாருங்கள்! இருந்தால் சொல்லியிருப்பார் இல்லையா? பதில் இல்லாததால்தான் விளம்பரம் கொடுத்தார். இந்த வண்டி இருக்கிற வரைக்கும் நான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அதனால் வண்டியே இருக்கக்கூடாது. என் பிள்ளைக்குக் கேட்கிற ஒரே ஒரு சத்தம், அதைப் பாலக்காட்டுக்கு அனுப்பிவிடுவது. இது நியாயமா? நேற்றுத் துணியை எடுத்து இதைத் துடைத்துக்கொண்டே இருந்தார், பானட்டின் மேல் தலையை வைத்துக்கொண்டு நின்றார். அழுகிறாரோ என்று பார்த்தேன். அப்படி ஆசை இருக்கிறவர் ஏன் விற்கிறார்?

அதோ, எழுந்துவிட்டான். வாடா தங்கம். வா. மாமாவுக்கு வணக்கம் சொல்லு. பார்த்தீர்களா சிரிப்பை. தூக்கக் கலக்கம் இன்னும் போகவில்லை.

இஞ்சின் சத்தம் கேட்க வேண்டுமா? கேளுங்கள். அதற்குத்தானே வந்தீர்கள். இந்தாருங்கள் சாவி. நான் சொன்னது பொய்யா நிஜமா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். ஸ்டார்ட் பண்ணிவிட்டு இவன் முகத்தைப் பாருங்கள். இருங்கள், கலக்கத்தில் விழுந்துவிடுவான், இவன் என் இடுப்பிலேயே இருக்கட்டும்.

ம், போடுங்கள்.

ஆரோன்... ஆரோன் கண்ணா, அங்கே பாரு. வண்டி. வண்டி பாரு. சிலுவையை விடுடா, அங்கே பாரு. தூங்கி எழுந்த சடைவு சார். நன்றாக மிதியுங்கள். இன்னும் மிதியுங்கள். ஆரோன்!

இருங்கள். இறக்கிவிடுகிறேன். அவன் மூடி மேல் நின்றால்தான்... அதோ! அதோ பார்த்தீர்களா! ஆடுகிறான்! பார்த்தீர்களா சிரிப்பை? நான் சொன்னேனே!

வா, அம்மாகிட்ட வா. அணைக்காதீர்கள் சார், ஓடட்டும். வா, தூக்கிக்கிறேன்.

ஆரோன்.

இறங்கு. நில்லு அங்கே. ம். சிரிக்கிறான்.

வா. இன்னொரு தடவை. அம்மா தூக்கிக்கிறேன்.

...

போதும் சார். அணைத்துவிடுங்கள்.

என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்கள் கையைப் பிடிக்காத வரை சரி. மோர் இருக்கிறது, குடியுங்கள். அவர் வந்துவிடுவார். வந்தால் நான் உள்ளே போய்விடுவேன், நீங்கள் அவரிடமே பேசிக்கொள்ளுங்கள். டர்போ மாட்ட நினைத்த வண்டி, அதையும் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவை கோத்தகிரிக்கு ஏற்றிப் பாருங்கள். லாரியைத் தாண்டினால் அவருக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்று சார். வண்டியை எடுக்கும்போது மெதுவாக எடுங்கள். மூடியைத் தாண்டும்வரை மிதிக்க வேண்டாம். வண்டி போகிறது இவனுக்குத் தெரியக்கூடாது.

நான் இவனைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன்.